ஏழு துளைகள் கொண்ட முகம்

எங்கள் வீட்டு முன்தூணில் மின்சாரக் காருக்கான சார்ஜர் ஏறுவதற்கு முன்பு என் நிலை என்னவாக இருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் தொடக்கக் கல்லூரியில், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்புகளுக்கு, முப்பத்தோராண்டு இயற்பியல் கற்பித்தவன். அவற்றுள் பதினான்கு ஆண்டு துறைத்தலைவராக இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் எங்கள் வட்டாரத்தில் மின்சாரம் பற்றிய எந்தக் கேள்வியும் என்னைத் தாண்டிப் போனதில்லை. கோயில் மண்டபத்து ஒலிபெருக்கி ஏன் இரைகிறது, ஒரே நீட்டிப்புக் கம்பியில் இரண்டு குளிர்பதனப் பெட்டிகளைச் செருகலாமா, மின்கட்டணம் ஏன் திடீரென்று ஏறிற்று என்றெல்லாம் என்னிடம்தான் கேட்பார்கள். நான் சொன்ன விடையை எவரும் இன்னொருவரிடம் கேட்டுச் சரிபார்த்ததாக எனக்குத் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. புதுக் கார் வாங்கியவர்கள் அதைக் கோயில் வாசலில் நிறுத்திச் சந்தனமும் குங்குமமும் இட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்கும் வழக்கத்தைப் பற்றிச் சமூக மன்றத்தில் ஒருமுறை பேசினேன். இயந்திரத்துக்குத் தேவை பராமரிப்பு, பொட்டன்று என்று அந்தப் பேச்சை முடித்தேன். நல்ல கைதட்டல். அந்த ஒரு வாக்கியம் அதற்குப் பிறகு என்னை விடவே இல்லை. திருமண விருந்துகளில்கூட என்னைப் பிறருக்கு அறிமுகப்படுத்தும்போது, “மெஷினுக்குப் பொட்டு வேணாம்னு சொன்னாரே, அந்த சார்” என்பார்கள். நான் மறுத்ததில்லை. பெருமையாகவே இருந்தது.

என் மனைவி ஓய்வு பெற்ற தாதி. அரசாங்க மருத்துவமனை வார்டுகளில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர். கை கழுவும் விஷயத்தில் மருத்துவர்களையே திருப்பி அனுப்பியவர் என்று அவருடைய பழைய தோழிகள் சொல்வார்கள். அவருக்குச் சாமி நம்பிக்கை உண்டு. எனக்கு அது எவ்வளவு உண்டு என்று இருவரும் பேசிக்கொண்டதில்லை.

பழைய பெட்ரோல் காரின் பத்தாண்டு உரிமைச் சான்றிதழ் முடியும் தறுவாயில் மின்சாரக் கார் வாங்குவதென்று முடிவாயிற்று. காரைத் தேர்ந்தெடுத்தவர் என் மனைவி. ஒவ்வொரு காரிலும் மூன்று முறை ஏறி இறங்கிப் பார்த்து, தம் முழங்கால் எதற்குச் சம்மதித்ததோ அதைச் சுட்டினார். சார்ஜர் என் பொறுப்பாயிற்று.

என் மைத்துனர், அதாவது மனைவியின் தம்பி, ஈசூனில் அடுக்குமாடி வீட்டில் வசிப்பவர். எங்களுக்கு ஓராண்டு முன்பே மின்சாரக் கார் வாங்கியவர். ஆராய்ச்சி என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்குச் சிரிப்பு வரும்.

“அத்தான், நான் புளோக்குக் கீழ கார் பார்க்ல சொருகிட்டு, கோப்பிக் கடையில ஒரு கோப்பி குடிச்சிட்டு வீட்டுக்குப் போயிடுவேன். நீங்க என்னமோ ராக்கெட் விடுற மாதிரி நோட்டுல எழுதிக்கிட்டு இருக்கீங்க.”

“உன் கார் பார்க்கில் யாரோ கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள், தம்பி. இந்த வீட்டில் அந்த ஆள் நான்.”

உண்மையில் எனக்கு அந்தக் கணக்கில் ஓர் ஈர்ப்பு ஏற்பட்டிருந்தது. எங்களுடையது வரிசையாக ஒட்டிக் கட்டிய தரைவீடுகளில் ஒன்று. முதன்மை விசையில் நாற்பது ஆம்பியர் என்று எழுதியிருக்கும். இத்தனை ஆண்டுகளாக அந்த எண்ணைப் பார்த்தபடி அதன் கீழே செருப்பு மாட்டிக்கொண்டு போயிருக்கிறேன். வீடு முழுவதும் சேர்ந்து ஒரே கணத்தில் எவ்வளவு இழுக்கும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. இயற்பியல் கற்பித்தவன் தன் வீட்டைப் பற்றிக் கேட்காமல் விட்ட எளிய கேள்வி இது.

ஆகவே ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று அறைகளின் குளிர்சாதனங்களையும், இரண்டு குளியலறைகளின் சுடுநீர்க் கருவிகளையும், அடுப்பையும், சலவை இயந்திரத்தையும் ஒன்றாகப் போடச் சொல்லிவிட்டு, வெளியே மீட்டரின் முன் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். என் மனைவி அறை அறையாகப் போய் ஒவ்வொன்றையும் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து நின்றார்.

“தண்ணி கொதிக்குது. குளிக்க ஆளில்ல. துணியில்லாம மெஷின் சுத்துது. இன்னும் எவ்வளவு நேரம்?”

“பத்து நிமிடம்.”

“பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பாக்கிறாங்க. என்னன்னு சொல்ல?”

“அளவெடுக்கிறோம் என்று சொல்.”

அளந்ததில் தெரிந்தது இது: வீடு முழு மூச்சில் இருக்கும்போது சார்ஜரும் முப்பத்திரண்டு ஆம்பியர் இழுத்தால் முதன்மை விசை விழுந்துவிடும். மூன்று வழிகள் இருந்தன. வீட்டுக்கு வரும் மின்னிணைப்பையே பெரிதாக்கலாம். அல்லது மெதுவாக ஏற்றும் சிறிய சார்ஜரைப் போடலாம். அல்லது முதன்மைக் கம்பியைச் சுற்றி ஒரு சிறு வளையத்தை மாட்டலாம். வீடு இழுப்பதை அந்த வளையம் கவனித்துச் சொல்லும். வீட்டின் தேவை கூடும்போது சார்ஜர் தானாகவே தன் பங்கைக் குறைத்துக்கொள்ளும். மூன்றாவது வழியைப் படித்தவுடனேயே என் மனம் அதில் போய் நின்றுவிட்டது. வீட்டுக்கு விட்டுக்கொடுக்கும் கருவி.

கண்காட்சிக் கூடத்து விற்பனையாளர் எனக்கு மூன்று ஃபேஸ் மின்சாரத்துக்கான, திரை வைத்த பெரிய சார்ஜர் ஒன்றைக் காட்டினார். எங்கள் வீட்டுக்கு வருவது சிங்கிள் ஃபேஸ் மின்சாரம் என்றேன். பரவாயில்லை சார், திரையில் வானிலைகூடத் தெரியும் என்றார். மழை பெய்கிறதா என்று அறிய எனக்கு ஒரு சன்னல் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சார்ஜர் எப்படி இயங்குகிறது என்று அவரிடம் கிடைக்காத விளக்கம் கையேட்டில் கிடைத்தது. மாற்று மின்சாரத்தை நேர் மின்சாரமாக்கி மின்கலத்தில் ஏற்றும் உண்மையான சார்ஜர் காருக்குள்ளேயே இருக்கிறது. சுவரில் மாட்டுவது, நயமாகப் பேசத் தெரிந்த ஒரு விசை. கம்பியைக் காரில் செருகியதும் முதலில் மின்சாரம் பாய்வதில்லை. ஒரு மெல்லிய சமிக்ஞை போகிறது. இருக்கிறாயா என்று சுவர் கேட்கிறது. இருக்கிறேன் என்று கார் சொல்கிறது. என்னால் இவ்வளவு தர முடியும் என்று சுவர் சொல்கிறது. சரி, கொடு என்று கார் சொன்ன பிறகுதான் உள்ளே தொடுவிசை மூடுகிறது. இதைப் படித்த அன்று நான் கையேட்டை மூன்று முறை படித்தேன். என் மாணவர்களுக்கு மின்சாரத்தைக் காத்துக்கொண்டிருக்கும் வெள்ளமாகச் சொல்லிக் கொடுத்தவன் நான். அது கேட்டுவிட்டு வரும் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

சனிக்கிழமை காலைகளில் சிராங்கூன் சாலை உணவகமொன்றில் ஓய்வு பெற்றவர்கள் ஐந்து பேர் கூடுவோம். அங்கே இதை விளக்கினேன்.

“அப்ப சுவத்துல மாட்டுறது சார்ஜரே இல்லைங்கிறீங்க” என்றார் முன்னாள் துறைமுக மேற்பார்வையாளர்.

“ஆமாம்.”

“அப்ப நீங்க எதை வாங்குறீங்க?”

எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் வட்டத்தில் ஒருவர் யாழ்ப்பாண வழிவந்தவர். நீதிமன்றத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். தோசையைப் பிய்த்தபடி அவர் சொன்னார்: “இவர் சொல்லுறதைப் பாத்தால் பொம்பிளை பாக்கப் போற கதை மாதிரியெல்லோ கிடக்கு. மாப்பிள்ளை வீடு கேக்குது, பொம்பிளை வீடு தலையாட்டுது. பிறகுதான் மிச்சம்.”

“நேரில் வந்து பாருங்கள்” என்றேன். “வெள்ளிக்கிழமை பொருத்துகிறார்கள். அடுத்த நாள் ஞாயிறு, காலை பத்து மணிக்கு எல்லாரும் வீட்டுக்கு வாருங்கள். செருகிக் காட்டுகிறேன்.” வெள்ளிக்கு அடுத்த நாள் சனி என்று எழுத்தர் திருத்தினார். ஞாயிறு என்றே உறுதி செய்தேன்.

அதற்குள் சமூக மன்றத்திலிருந்தும் அழைப்பு வந்தது. தரைவீட்டுக்காரர்கள் பலர் கேட்கிறார்கள், அதற்கு அடுத்த ஞாயிறு வீட்டுச் சார்ஜர் பற்றித் தமிழில் பேச முடியுமா என்றார் ஏற்பாட்டாளரான அம்மையார். ஒப்புக்கொண்டேன். என் பெயர் அறிவிப்புப் பலகையில் ஏறிவிட்டது. ஆகவே இந்தச் சார்ஜர் ஒழுங்காக இயங்க வேண்டியது காருக்கு மட்டுமான தேவையாக இருக்கவில்லை.

உரிமம் பெற்ற மின்பணியாளர் ஐம்பது வயது மதிக்கத்தக்க தமிழர். முதல் நாள் அளவெடுக்க வந்தபோதே என்னை “அங்கிள்” என்று அழைத்தார். சார் என்று அழைக்கப்பட்டுப் பழகிய எனக்கு அது உறுத்தியது. திருத்துவதற்கு இடம் கிடைக்கவில்லை. முதன்மைப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, நான் எதுவும் சொல்வதற்கு முன்பே, “அங்கிள், லைன் பெருசாக்க வேணாம் லா. வளையம் போட்டா போதும்” என்றார். என் மூன்று வார ஆய்வின் முடிவுக்கு அவர் மூன்று நிமிடத்தில் வந்து சேர்ந்ததை நான் கவனித்துக்கொண்டேன்.

எந்தத் தூணில் மாட்டுவது என்பதில் எனக்கும் மனைவிக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. இடத்தூண் முதன்மைப் பெட்டிக்கு அருகில், கம்பி மிச்சம் என்றேன். அங்கே மாட்டினால் கம்பி வாசற்படியின் குறுக்கே கிடக்கும், வருகிறவர்கள் தடுக்கி விழுவார்கள் என்றார் அவர். வார்டில் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வந்தவர்களை எண்ணிக் காட்டத் தொடங்கியதும் வலத்தூணுக்கு ஒப்புக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை வேலை தொடங்கியது. நான் நாற்காலி போட்டு அருகிலேயே அமர்ந்தேன். மைத்துனரும் வேடிக்கை பார்க்க ஈசூனிலிருந்து வந்திருந்தார். சுவரில் துளை, குழாய், குழாய்க்குள் கம்பி, தனி விசை, மண்ணிணைப்புச் சோதனை என்று ஒவ்வொன்றாக நடந்தது. நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அவர் வேலையை நிறுத்தாமலே விடை சொன்னார். பதினோரு மணிக்குக் காரில் செருகினார். வெள்ளை விளக்கு. ஒன்று, இரண்டு, மூன்று நொடி. உள்ளே “டக்” என்றொரு சத்தம். பச்சை விளக்கு. அந்த “டக்” சத்தத்தை இன்னொரு முறை கேட்க வேண்டும் என்றேன். கழற்றிச் செருகிக் காட்டினார். மூன்றாம் முறையும் கேட்டிருப்பேன். மைத்துனர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது என் மனைவி சிறு கிண்ணத்தில் சந்தனமும் குங்குமச் சிமிழுமாக வெளியே வந்தார்.

“வெள்ளிக்கிழமையா இருக்கு. ஒரு பொட்டு வெச்சிடறேன், மேல் மூடியில.”

மின்பணியாளர் வழிவிட்டு நகர்ந்தார். மைத்துனர் என் முகத்தைப் பார்த்தார். இந்த வீட்டில், என் கண்முன்னால், அந்தப் பேச்சுக்குப் பிறகு.

“இதற்கு வேண்டியது நல்ல மண்ணிணைப்பு” என்றேன். “அது இருக்கிறது. இவரே இப்போது அளந்து காட்டினார்.”

“சரி. உங்க இஷ்டம்” என்றார் அவர். கிண்ணத்தைச் செருப்பு அலமாரியின் மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். மாலையில் தம்பியின் காரிலேயே கோயிலுக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஐவரில் என்னைத் தவிர்த்த நால்வரும் வந்தார்கள். மைத்துனரும் வந்தார். மனைவி வடை சுட்டிருந்தார். சனிக்கிழமை முழுவதும் வேண்டுமென்றே ஊரைச் சுற்றிவிட்டு, சார்ஜரைத் தொடாமல், மின்கலத்தை இறக்கி வைத்திருந்தேன். தூணருகே நின்று ஐந்து நிமிடம் விளக்கினேன். பிறகு கம்பியின் நுனியிலுள்ள பிடியை எடுத்துக் காரில் செருகினேன்.

வெள்ளை விளக்கு. ஒன்று, இரண்டு, மூன்று. வெள்ளை விளக்கு. நான் பேசிக்கொண்டே இருந்தேன். பத்து நொடிக்குப் பிறகு பேச ஒன்றும் இல்லை. கழற்றி மீண்டும் செருகினேன். வெள்ளை.

“இன்னும் கேட்டுக்கிட்டே இருக்கு போல, அத்தான்” என்றார் மைத்துனர். “பதில் வரல.”

“பொம்பிளைக்கு விருப்பமில்லையாக்கும்” என்றார் எழுத்தர்.

துறைமுகக்காரர் சிரிக்கவில்லை. அவர் என் தோளைத் தொட்டு, “விடுங்க சார். புதுசுன்னா இப்படித்தான்” என்றார். கேலியைவிட அதுதான் என்னைத் தாக்கியது. எல்லாரும் வடையை மிகவும் பாராட்டினார்கள். தேவைக்கு மேல் பாராட்டினார்கள். போகும்போது வாசலுக்கு வெளியே ஒருவர் மற்றவரிடம் சொன்னது காதில் விழுந்தது: “லைனைப் பெருசாக்கியிருக்கணும். சார் படிச்சது அந்தக் காலத்து பிசிக்ஸ்.”

மாலைக்குள் அது நகர்ந்து சமூக மன்றத்தை அடைந்திருந்தது. ஏற்பாட்டாளர் அம்மையார் தொலைபேசியில் மிகவும் மரியாதையாக, “சார், உங்களுக்குச் சிரமம்னா பேச்சை ஒரு மாசம் தள்ளி வெச்சுக்கலாமா?” என்று கேட்டார். தேவையில்லை என்றேன். அப்போது என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை.

திங்கட்கிழமை காலை மின்பணியாளர் வந்தார். தகவல் தெரிந்து மைத்துனரும் வந்தார். முதன்மைப் பெட்டி, தனி விசை, வளையம், மண்ணிணைப்பு எல்லாவற்றையும் அவர் மறுபடி சோதித்தார். எல்லாம் சரியாக இருந்தன. பிடியை எடுத்துத் திருப்பி அதன் முகத்துக்குள் கைவிளக்கு அடித்தார். நெடுநேரம் பார்த்தார்.

“அங்கிள், இது என்ன உள்ளே? மஞ்சளா ஏதோ காய்ஞ்சு போயிருக்கு.”

நான் எட்டிப் பார்த்தேன். அவர் பையிலிருந்து மெல்லிய குச்சியொன்றை எடுத்து மேல்வரிசைத் துளை ஒன்றில் விட்டுச் சுரண்டி, நுனியை மூக்கருகே கொண்டுபோனார்.

“சந்தனம் லா இது.”

மைத்துனர் வாய்விட்டுச் சிரித்தார். “அக்கா!”

என் மனைவி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்து, “நான்தான் வெச்சேன். இப்ப என்ன?” என்றார்.

“ஆண்ட்டி, பெட்டி மேல வெச்சா ஒண்ணும் ஆகாது” என்றார் மின்பணியாளர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. “நான் போற பாதி வீட்டுல மெயின் டிபி பெட்டி மேல பொட்டு இருக்கும். ஆனா இது பேசுற ஓட்டை. இதுல அடைச்சா கார் என்ன சொல்லுதுன்னு சுவத்துக்குக் கேக்காது.”

துளையைத் தூய்மை செய்து, திரவம் தெளித்து, உலரவிட்டுச் செருகினார். வெள்ளை. “டக்.” பச்சை. என் கணக்கு சரி, வளையம் சரி, நாற்பது ஆம்பியர் போதும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. நான் மூச்சு விட்டேன். என் மனைவி உள்ளே போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை நடந்ததை இங்கே எழுத வேண்டும். மனைவி கோயிலுக்குப் போயிருந்தார். வெளிச்சம் நன்றாக இருந்தது. துளைகளை எண்ணிப் பார்க்கலாம் என்று பிடியை எடுத்தேன். மொத்தம் ஏழு. நடுவில் மூன்று பெரியவை: மின்சாரம் வர, போக, மண்ணிணைப்புக்கு. கீழே இரண்டு பெரியவை: சிங்கிள் ஃபேஸ் வீட்டில் அவற்றுக்கு வேலை கிடையாது. மேலே இரண்டு சிறியவை: பேசுவதற்கு. கையேட்டின் படத்தோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தபோது அது ஒரு முகமாகத் தெரிந்தது. மேலே இரு கண்கள், கீழே அகன்ற வாய். இரு கண்களுக்கும் நடுவே, சற்று மேலே, நெற்றி வெறுமையாக இருந்தது. செருப்பு அலமாரியின் மேல் சந்தனக் கிண்ணம் இருந்தது.

அடுத்து நான் செய்ததற்கு, அது கேட்டுவிட்டுக் கொடுக்கும் கருவி என்பது ஒரு காரணமாக இருக்கலாம். மோதிர விரலால் தொட்டு, அந்த நெற்றியில் ஒரு பொட்டு வைத்தேன். நன்றாகவே இருந்தது. தண்ணீர் சற்று அதிகமாகக் கலந்த சந்தனம். அப்போது வெளிக்கதவு கிரீச்சிட்டது. மனைவி என்று நினைத்துக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தேன். வந்தவர் விளம்பரத்தாள் போடுகிறவர். பிடியில் பொட்டின் தடயமே இல்லை என்று பார்த்து மாட்டிவிட்டேன். துடைத்த சந்தனம் எங்கே போயிற்று என்று கேட்கத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை பிற்பகல் அந்தக் கேள்வியைக் கேட்டேன். பீங்கான் தட்டில் சந்தனத்தைப் பொட்டளவு தடவி, மல்டிமீட்டரின் இரு முனைகளையும் அதில் வைத்தேன். ஈரமாக இருந்தபோது ஓரளவு மின்சாரம் கடந்தது. காயக் காயத் தடை ஏறிக்கொண்டே போனது. ஒரு மணி நேரத்தில் மீட்டர் அளக்கக்கூடிய எல்லையைத் தாண்டிவிட்டது. சந்தனம் உலர்ந்தால் இவ்வளவு நல்ல காப்புப் பொருள் என்று எந்தப் பாடநூலிலும் நான் பார்த்ததில்லை. எழுதி வைத்துக்கொண்டிருந்தபோது மனைவி சமையலறைக்குள் வந்தார்.

“இப்ப அதுக்குப் பரிசோதனை வேறயா?”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“உங்க கைக்குட்டைய ஊற வெச்சது யாரு? சந்தனக் கறை, சோப்புல போகல.”

“அப்படியானால் ஏன் நீ வைத்ததாகச் சொன்னாய்?”

“நான் பொட்டு வெக்கிறவள்னு எல்லாருக்கும் தெரியும். எனக்கு அதுல என்ன குறைஞ்சிடப் போகுது? உங்களுக்கு ஞாயித்துக்கிழமை பேச்சு இருக்கு.” தட்டை எடுத்துக் கழுவுதொட்டியில் போட்டார். “விடுங்க.”

விட்டேன். அதுதான் தவறு.

வியாழக்கிழமைக்குள் கதை முழு வடிவம் எடுத்துவிட்டது. மைத்துனர் அதைப் பரப்பினார்; கெட்ட எண்ணம் இல்லை, நல்ல கதை என்பதால். என் மனைவி மருத்துவமனைத் தோழிகளோடு கோயிலில் நின்றபோது ஒருவர், “சிஸ்டர், ஊசிக்கும் பொட்டு வெச்சுத்தான் போட்டீங்களா?” என்று கேட்டாராம். தாமும் சிரித்ததாக மனைவி சொன்னார். இரவு உணவின்போது கை கழுவிவிட்டு வந்து அமர்ந்தவர், எழுந்துபோய் மீண்டும் கை கழுவினார்.

ஞாயிற்றுக்கிழமை சமூக மன்றத்தில் அரங்கு நிறைந்திருந்தது. ஏற்பாட்டாளர் அம்மையார் என்னை அறிமுகப்படுத்தும்போது சொன்னார்: “சார் அறிவியலால சார்ஜர் போட்டார். அம்மா பொட்டு வெச்சு நிறுத்திட்டாங்க. வீட்டுல யாரு பெரியவங்கன்னு இப்ப தெரிஞ்சுதா?” அரங்கு சிரித்தது. இரண்டாம் வரிசையில் என் மனைவியும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தார். சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்தேன். ஒலிவாங்கி என் கையில் இருந்தது. ஒரு வாக்கியம் போதும். நான் ஓமின் விதியிலிருந்து தொடங்கினேன்.

பேச்சு நன்றாகவே அமைந்தது என்றார்கள். வளையம் பற்றிப் பலர் கேட்டார்கள். வலத்தூண் யோசனையை என் பரிந்துரையாகவே குறித்துக்கொண்டார்கள். வீடு திரும்பும்போது காரை என் மனைவி ஓட்டினார். சிராங்கூன் சாலை விளக்கில் நின்றபோது, “அந்த ஈரச் சந்தனக் கணக்கைச் சொல்லியிருக்கலாமே, நல்லா இருந்திருக்கும்” என்றார். கிண்டலா என்று பார்த்தேன். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நானே ஓர் ஒழுங்கு ஏற்படுத்திக்கொண்டேன். ஒவ்வொரு முறை செருகுமுன்பும் கைவிளக்கு அடித்து ஏழு துளைகளையும் பார்க்கிறேன். மேல் மூடியில் இப்போது ஒரு சந்தனப் பொட்டு இருக்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் புதிதாக வைக்கப்படுகிறது. அதைப் பார்க்கிறவர்கள் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. பழைய பேச்சை நினைவில் வைத்திருப்பவர்கள் என் மனைவியைப் பார்த்துப் புன்னகைக்கிறார்கள்.

இது குறித்துச் சொல்லப்படுபவற்றில் பிழையானவை பின்வருமாறு. மின்னிணைப்பு போதாமல் சார்ஜர் நின்றது என்பது தவறு. நாற்பது ஆம்பியரில் இன்றும் இயங்குகிறது. குங்குமம் அடைத்தது என்பது தவறு. குங்குமச் சிமிழைத் திறக்கவே இல்லை. பொட்டு அடைத்தது என்பதும் முழுச் சரியன்று. பொட்டைத் துடைத்ததால் அடைத்தது. வைத்தவர் என் மனைவி என்பது தவறு. வைத்தவனும் துடைத்தவனும் நான். என் மனைவி அப்போது வீட்டில் இல்லை.